மோட்டார் அண்ணனும் நான் எழுதிய ஒரு வரியும்

உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் பட்டம் வாங்கியிருப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தைத் திட்டியும் இருப்பார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் தப்பாக வந்திருக்கும். எழுதிய பேப்பருக்கு 'ஆப்சென்ட்' போட்டிருப்பார்கள். பட்டச் சான்றிதழ் கேட்டு நாலு முறை பஸ் பிடித்துப் போனால், நாலு முறையும் "செக்‌ஷன்ல ஆள் லீவு" என்று பதில் வந்திருக்கும். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்களே... "இவங்க மேல ஒரு கேஸ் போட்டாத்தான் சரிவரும்!"

அப்படி நிஜமாகவே கேஸ் போட்டவர்களின் காகிதங்கள் எல்லாம் 25 வருடங்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. தென் மாவட்டத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நான் சட்ட அலுவலர். 2000-ல் சேர்ந்தேன், 2025-ல் ஓய்வு பெற்றேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

'சட்ட அலுவலர்' என்றால் வக்கீலா, கிளார்க்கா? இந்தச் சந்தேகம் என் அப்பாவுக்குக் கடைசி வரை தீரவில்லை. நான் 1990-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டபோது, கறுப்பு கோட்டோடு என்னை ஸ்டூடியோவில் நிறுத்தி போட்டோ எடுத்து, ஃப்ரேம் போட்டு மாட்டினார். 10 வருடம் ஜில்லா கோர்ட்டில் ஜூனியர். சீனியர் கொடுத்தால் காசு, கொடுக்காவிட்டால் அனுபவம். பல்கலைக்கழக வேலை கிடைத்ததும், மாசம் பிறந்தால் சம்பளம் என்ற ஒரே காரணத்துக்காக ஓடிப் போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது, பார் கவுன்சிலுக்கு. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-வது விதி என்று ஒன்று உண்டு. முழு நேரச் சம்பளத்துக்கு ஓர் இடத்தில் வேலை பார்ப்பவர், அந்த வேலையில் இருக்கும் வரை வக்கீல் தொழில் செய்யக் கூடாது. பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முழு நேரமும் சட்டம் பார்க்கப் போன அன்றைக்கே நான் வக்கீல் இல்லாமல் போய்விட்டேன்! கோட்டு பீரோவுக்குள் போனது. அந்துருண்டை போட்டு மடித்து வைத்தேன்.

இது ஏதோ சடங்கு என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்குச் சட்டம் தரும் முழுப் பாதுகாப்பை, சம்பளத்துக்கு உள்ளே உட்கார்ந்து ஆலோசனை சொல்பவர்கள் கேட்க முடியாதாம். காரணம் கிட்டத்தட்ட என் அப்பா கேட்ட கேள்விதான். மாசச் சம்பளம் கொடுப்பவரிடம் எப்படி நீ சுதந்திரமாக இருக்க முடியும்?

சரி, வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

யாரோ ஒருவர் ஐகோர்ட்டில் ரிட் மனு போடுவார். பல்கலைக்கழகத்தின் சார்பில் எதிர்மனுதாரராக இருப்பவர் பதிவாளர். ஆள் மாறிக்கொண்டே இருப்பார், வழக்கு மாறாது. நோட்டீஸ் வந்ததும் நான் அதைச் சம்பந்தப்பட்ட செக்‌ஷனுக்கு அனுப்புவேன். அவர்கள் 'பாரா வைஸ் ரிமார்க்ஸ்' எழுதித் தர வேண்டும். அதாவது, மனுதாரரின் அஃபிடவிட்டில் ஒவ்வொரு பாராவுக்கும் நம் பக்கத்துப் பதில். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும்: 'மறுக்கப்படுகிறது.' ஒரு முறை, "எதிர்மனுதாரர் சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகம்" என்று மனுதாரர் எழுதியிருந்த பாராவுக்கும் 'மறுக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டார் ஒரு சூப்பரின்டெண்ட். நான் போன் செய்தேன். "சார், நாமே இல்லைன்னு சொல்றீங்களே?" "பழைய ஃபைல பாத்து அப்படியே போட்டுட்டேன் மேடம்" என்றார்.

அந்த ரிமார்க்ஸை வைத்து நான் எதிர்வாக்குமூலம், அதாங்க 'கவுண்டர்', தயார் செய்வேன். எங்கள் ஸ்டாண்டிங் கவுன்சில் அதைத் திருத்துவார். பதிவாளர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து அவருடையது, வாதம் வக்கீலுடையது. எழுத்து மட்டும் என்னுடையது. அது கோர்ட்டில் யாருக்கும் தெரியாது.

2004 ஜூலையில் மதுரையில் ஐகோர்ட் கிளை வரும் வரை, ஃபைல் மூட்டையோடு ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போவேன். எழும்பூரில் இறங்கி, வெயிட்டிங் ரூமில் குளித்து, தம்புச்செட்டி தெருவில் வக்கீல் ஆபீஸ் மாடியேறி... பல நாள், "இன்னிக்கு ரீச் ஆகல மேடம்" என்ற ஒரு வரியைக் கேட்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். மதுரைக் கிளை வந்த பிறகு ஒத்தக்கடை, யானைமலை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு வாசகம் வரும். பல்கலைக்கழகம் என்பது ஒரு சட்டப்பூர்வ நபர்; அதற்குச் சாவு கிடையாது; அதற்கென்று ஒரு பொது முத்திரை உண்டு. என் கட்சிக்காரர் அந்த 'நபர்'தான். அவருக்கு முகம் கிடையாது, மனசாட்சியும் தனியாகக் கிடையாது. முத்திரை பதிவாளர் ரூம் பீரோவில் இருக்கும். மனசாட்சி எங்கே இருக்கும் என்பதுதான் என் 25 வருடப் பிரச்னை.

இனி மோட்டார் அண்ணன் கதைக்கு வருகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் வளாகத்தில் எல்லோருக்கும் அவர் மோட்டார் அண்ணன்தான். விடுதிகளுக்கும் ஊழியர் குடியிருப்புக்கும் தண்ணீர் ஏற்றுபவர். 1991-ல் தினக்கூலியாக வந்தார். காலை நாலரைக்கு சைக்கிளில் வந்து மோட்டாரைப் போடுவார். எந்தப் போர்வெல் எந்த மாதத்தில் காற்று இழுக்கும், எந்த வால்வை எத்தனை சுற்று திருப்பினால் பெண்கள் விடுதி மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நானும் குடியிருப்பில்தான் இருந்தேன். என் வீட்டுக் குழாயில் வந்ததும் அவர் ஏற்றிய தண்ணீர்தான்.

அவருடைய சம்பளம் வவுச்சரில் போகும். 89 நாளைக்கு ஒரு முறை ஒரு நாள் 'பிரேக்'. தொடர்ந்து வேலை பார்த்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா! அந்த ஒரு நாளும் மோட்டாரைப் போட்டது அவர்தான். அன்றைக்குக் கூலி மட்டும் கிடையாது. பிரேக் நாளில் தண்ணீர் வராவிட்டால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று அவரே வந்து போட்டுவிட்டுப் போவார்.

2007-ல் அவர் பணி நிரந்தரம் கேட்டு ரிட் போட்டார். 16 வருடம் வேலை பார்த்திருந்தார், வயது 51.

அதற்கு முந்தைய வருடம், 2006 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உமாதேவி வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. தினக்கூலியாகவோ தற்காலிகமாகவோ உள்ளே வந்தவர், பல வருடம் வேலை பார்த்தார் என்பதாலேயே நிரந்தரம் கேட்க முடியாது. அரசு வேலை எல்லோருக்கும் பொது. விளம்பரம் செய்து, போட்டி வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும். நியாயமான காரணம்தான். ஆனால் அதே தீர்ப்பு ஒரு சின்ன ஜன்னலையும் திறந்து வைத்திருந்தது. அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடத்தில், கோர்ட் உத்தரவின் பலத்தில் அல்லாமல், 10 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவராக இருந்தால், ஒரே ஒரு முறை மட்டும் அவர்களை நிரந்தரம் செய்வது பற்றிப் பரிசீலிக்கலாம்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் இருந்ததா, இல்லையா?

செக்‌ஷனிலிருந்து வழக்கம் போல 'மறுக்கப்படுகிறது' வந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவேன். டேக் கயிற்றுக்குப் பக்கத்தில், பழுப்பேறிக் கிடக்கும் காகிதத்தில்தான் விஷயம் இருக்கும். இருந்தது. 1993-ல் சிண்டிகேட் தீர்மானம்: விடுதிகளுக்கு பம்ப் ஆபரேட்டர் பணியிடம் இரண்டு. 1994-ல் அதற்கு அரசின் ஒப்புதலும் வந்திருந்தது. ஒரு இடத்தில் ஒருவரை நியமித்திருந்தார்கள். இன்னொன்று காலி. 13 வருடமாகக் காலி. அந்தக் காலி இடத்தின் வேலையைத்தான் தினமும் காலை நாலரைக்கு ஒருவர் சைக்கிளில் வந்து செய்துகொண்டிருந்தார்.

ஃபைலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"அவரோட அஃபிடவிட்ல இது இருக்காம்மா?"

"இல்ல சார். அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

"அப்புறம் நாம எதுக்குச் சொல்லணும்?"

"சார், இது ரெக்கார்டுல இருக்கே..."

"இந்த ஒருத்தருக்குக் குடுத்தா, பின்னாலயே அறுபது தினக்கூலி ஆளுங்க வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் போட பணம் எங்க இருக்கு? மாசக் கடைசில பென்ஷன் போடவே நான் திண்டாடறேன்." அப்புறம் சத்தத்தை உயர்த்தாமல் கேட்டார்: "நீங்க யாருக்கும்மா வக்கீல்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வக்கீலே இல்லை என்பதும் அப்போது ஞாபகம் வரவில்லை.

அன்று மாலை என் ரூமில் உட்கார்ந்து கவுண்டர் எழுதினேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அந்த வரியை இங்கே அப்படியே சொல்கிறேன். 'மனுதாரர் அனுமதிக்கப்பட்ட எந்தப் பணியிடத்திலும் நியமிக்கப்பட்டவர் அல்ல.'

திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? பணியிடம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அவர் அதில் நியமிக்கப்படவில்லை என்றுதான் சொன்னேன். அது சத்தியமான உண்மை. படிக்கிறவர் மட்டும் 'அப்படியொரு பணியிடமே இல்லை போல' என்று நினைத்துக்கொள்வார். அவர் அப்படி நினைப்பார் என்று தெரிந்துதான் எழுதினேன். பல்கலைக்கழகச் சம்பளத்தில் நான் எழுதியதிலேயே நுணுக்கமான வரி அதுதான்.

2009-ல் வழக்கு இறுதி விசாரணைக்கு வந்தது. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அந்த வரியைப் படித்தார். மனுதாரரின் வக்கீலை நிமிர்ந்து பார்த்து, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எதையாவது காட்ட முடியுமா என்று கேட்டார். இளைஞர். கட்டை முன்னாலும் பின்னாலும் புரட்டினார். அவர் தேடிய காகிதம் என் பையில் இருந்தது. நகல் இல்லை, ஒரிஜினல்.

மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் எங்கள் ஸ்டாண்டிங் கவுன்சில் காபி வாங்கிக் கொடுத்தார். "கவுண்டர் நல்லா இருந்தது மேடம். அந்த ஒரு வரி போதும்" என்றார். அவரிடமும் நான் அந்தத் தீர்மானத்தைக் காட்டியிருக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் நாலு பக்கெட், இரண்டு குடம், ஓர் அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். "எதுக்கு இவ்வளவு? நாளைக்கு ஏதும் விசேஷமா?" என்றார் என் கணவர். "சும்மாதான்" என்றேன். கேஸில் தோற்ற மனுஷன் நாளைக்கு வரமாட்டார் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயில் முதலில் காற்று சீறியது. அப்புறம் தண்ணீர் வந்தது.

*

அதற்குப் பிறகு நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்று வருடம் அப்படியே போனது. அப்பீல் போடலாம் என்று யார் மூலமாவது அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. வளாகத்தில் அவர் சைக்கிளில் எதிரே வந்தால், "வணக்கம்மா" என்பார். நான் செருப்பு வார் அறுந்துவிட்டது போலக் குனிந்துகொள்வேன்.

2012-ல் ஒரு மாணவியின் வழக்கு வந்தது. இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. ஒரே ஒரு பேப்பரில் 9 மார்க்கில் ஃபெயில். மறுமதிப்பீட்டைச் சட்டப்படி உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர போர்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்த மாதிரி வழக்குகளில் பல்கலைக்கழகங்கள் ஜெயிப்பது அதை வைத்துத்தான். தேர்வுப் பிரிவிலிருந்து ரிமார்க்ஸ் வந்தது: 'விடைத்தாள் மீண்டும் சரிபார்க்கப்பட்டது. கூட்டல் சரியாக உள்ளது.'

ஆனால் 2011 ஆகஸ்டில், திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. கோர்ட்டில் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். அதனால் நானே விடைத்தாளை வரவழைத்தேன். பழக்க தோஷம், கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். நூலில் கட்டிய கூடுதல் தாள் ஒன்று. அதில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பதில். திருத்தியவரின் சிவப்பு மை அந்தத் தாளில் படவே இல்லை. கூட்டல் சரிதான். கூட்ட வேண்டியதை மார்க் போடாமலே விட்டிருந்தார்கள்!

தேர்வுப் பிரிவில் சொன்னேன். "மேடம், இத ஒத்துக்கிட்டா நூறு கேஸ் வரும்" என்றார்கள். அதே பாட்டு. ஆள்தான் வேறு.

இந்த முறை நான் வாயால் பேசவில்லை. ஃபைலில் நோட்டு எழுதினேன். 'கூடுதல் தாள் மதிப்பிடப்படவில்லை. இந்த உண்மையைச் சொல்லாமல் எதிர்வாக்குமூலம் தாக்கல் செய்யும்படி என்னால் ஆலோசனை கூற இயலாது. தாளை மதிப்பிட்டு, முடிவை நீதிமன்றத்தில் தெரிவிக்கலாம்.' கையெழுத்து, தேதி. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஃபைலில் பச்சையாக எழுதியதை யாராலும் கிழிக்க முடியாது. கிழித்தால் பக்க எண் இடிக்கும்.

மூன்று நாள் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வார்த்தை: 'பேசுக.'

போனேன். இவர் புதிய பதிவாளர். "எதுக்கும்மா எழுத்துல போட்டீங்க? வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒரு தடவ வந்து சொல்லிப் பாத்தேன் சார், வேற கேஸ்ல. சரியா வரல."

"நாம தோத்துட்டோம்னு பேப்பர்ல வருமே?"

"ஒத்துக்கிட்டா ரெண்டு வரில முடிஞ்சிடும் சார். மறைச்சு, கோர்ட் விடைத்தாளை வாங்கிப் பாத்தாத்தான் பேப்பர்ல வரும்."

சிரித்தார். கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைத் திருத்தினார்கள். 11 மார்க். மாணவி பாஸ். வழக்கை முடித்து வைத்த உத்தரவு அரைப் பக்கம்கூட இல்லை. நூறு கேஸ் வரவில்லை. அடுத்த செமஸ்டரிலிருந்து விடைத்தாள் முகப்பில் 'கூடுதல் தாள்கள் எத்தனை' என்று எழுத ஒரு கட்டமும், திருத்தியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் இடமும் வந்தன. என் 25 வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு நான் செய்த பெரிய உபகாரம் அந்தக் கட்டமாகத்தான் இருக்கும்.

2016-ல் மோட்டார் அண்ணனுக்கு 60 வயது. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது, ஒரு சால்வைகூடக் கிடையாது. அப்போது நான் இன்னொரு நோட்டு எழுதினேன். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1972-ம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டம் தினக்கூலி என்று பார்த்ததில்லை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது தொடர்ச்சியான சேவை. வருடத்துக்கு 15 நாள் கூலி என்று கணக்கு. அவர் தொடர்ந்து வேலை பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக 89 நாளைக்கு ஒரு பிரேக் கொடுத்தோமே, அந்த வவுச்சர்களையே எடுத்து அடுக்கினேன். எந்த வருடத்தைக் கூட்டினாலும் 340-க்கு மேல் வந்தது. 25 வருடம், நாளுக்கு 300 ரூபாய். 1,12,500 ரூபாய். இரண்டு ஆட்சேபணைக்குப் பிறகு பாஸானது.

செக் வாங்க வந்தவர் என் ரூம் வாசலில் நின்று கும்பிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு வர வேண்டியதில் அது எத்தனையில் எத்தனை பங்கு என்று எனக்குத் தெரியுமே.

*

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல வருடங்களாகத் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்து வந்தவர்களின் வழக்கு. உமாதேவி தீர்ப்பை, நீண்ட காலம் உழைத்தவர்களின் நியாயமான கோரிக்கையை மறுப்பதற்கான ஆயுதமாக அரசு நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று அதில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்தியை என் ரூமில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். என் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. வளாகத்தில் அப்போதிருந்த தினக்கூலிக்காரர்கள் 43 பேருடைய பட்டியல் எடுத்தேன். யார் எந்த வருடம் வந்தார்கள், அதே வேலைக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் உண்டா, எப்போதிலிருந்து காலி என்று எதிரெதிரே இரண்டு பத்தியாகப் போட்டு நோட்டு வைத்தேன். 'ஆராயலாம்' என்று எழுதி ஒரு கமிட்டிக்கு அனுப்பினார்கள். நான் வெளியே வரும் வரை கமிட்டி கூடவில்லை. "ஃபைல் நகர்ந்துட்டுதான் மேடம் இருக்கு" என்கிறார்கள். இந்த வாக்கியத்தின் அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் அண்ணன் ஊருக்குப் போனேன். வளாகத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். இத்தனை வருடம் அந்த எட்டு கிலோமீட்டரைத்தான் அவர் சைக்கிளில் வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

திண்ணையில் உட்கார வைத்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். 1993 தீர்மானம், 1994 ஒப்புதல், காலி இடம், நான் எழுதிய வரி, என் பையில் இருந்த காகிதம் எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு, திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்த இன்னொரு போஸ்ட்ல இருந்தாருல்ல, அவரு அப்பவே சொன்னாரு. ரெண்டு போஸ்ட் வந்துச்சுப்பா, ஒண்ணுதான் போட்டாங்கன்னு. நானும் எங்க வக்கீல் தம்பிகிட்ட சொன்னேன். காகிதம் இருக்கான்னு கேட்டுச்சு. காகிதம் ஆபீஸ்லல்ல இருக்கும், எங்கிட்ட ஏதும்மா?"

"தகவல் சட்டத்துல கேட்டிருந்தா குடுத்திருக்கணுமே அண்ணே. 2005-லயே வந்துடுச்சே..."

"அதெல்லாம் அப்ப யாருக்கும்மா தெரியும்? தெரிஞ்சவங்க நீங்கதான், நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று வரிசை சொல்வது போலச் சொன்னார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ ஓர் அரசு நிறுவனத்தோடு வழக்கு வந்தால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஃபைல் நகலைக் கேளுங்கள். கடிதப் பக்கம் மட்டும் போதாது, நோட்டுப் பக்கமும் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. உங்களுக்குச் சாதகமான காகிதம் பெரும்பாலும் எதிராளியின் பீரோவில்தான் தூங்கும். எனக்குத் தெரியும், நான் அந்த பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

ஓய்வு பெற்ற பிறகு, நிறுத்தி வைத்த என் பதிவைத் திரும்பத் தரச் சொல்லி பார் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டேன். கோட்டையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். தோள்பட்டையில் இறுக்குகிறது, தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த 43 பேரில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே இருந்து பார்த்த ஃபைலை வைத்து வெளியே வந்து வழக்கு நடத்தக் கூடாது, அது தப்பு. அதைச் சொல்லி, வேறு ஒரு நல்ல வக்கீலிடம் அனுப்பினேன். "அவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள் எடுங்க" என்று மட்டும் சொன்னேன். அது எந்த ஃபைலிலும் இருக்கும் ரகசியம் இல்லை.

அன்றைக்கு மோட்டார் அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"குடிங்கம்மா. பஞ்சாயத்துத் தண்ணி. நான் போட்டதில்ல" என்று சிரித்தார்.

வாங்கிக் குடித்தேன். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "மூணாம் மாடிக்கு இப்ப தண்ணி ஒழுங்கா ஏறுதாம்மா?"